மலையக வீடுகளில் மூட்டைப்பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவில் கடி, காலையில் தடிப்பு, பகலில் எங்கு தேடினாலும் ஒன்றும் அகப்படுவதில்லை என்ற நிலை வந்ததும், பெரும்பாலானவர்கள் ஏதாவதொரு மருந்தை வாங்கி அறை முழுவதும் அடித்துவிடுகிறார்கள். கடித்தது எது, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்ற இரண்டையும் உறுதி செய்யாமல் அடிக்கப்படும் மருந்து, பூச்சியை விட்டுவிட்டு அந்த அறையில் உறங்கும் பிள்ளைகளைத்தான் தாக்கும். லயன் காம்பராக்களிலும் (தோட்டத் தொழிலாளருக்கென வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட அறைகள்) தனி வீடுகளிலும் நகரத்து வாடகை அறைகளிலும் வாழ்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, மலைநாட்டின் குளிரையும் இங்குள்ள வீடுகளின் அமைப்பையும் மனதில் வைத்து விடை எழுதப்பட்டுள்ளது.

மூட்டைப்பூச்சி பார்வைக்கு எப்படி இருக்கும்?

வளர்ந்த பூச்சி 4 முதல் 7 மில்லிமீற்றர் வரை நீளமானது. தோல் நீக்காத மைசூர்ப் பருப்பின் பருமனும் செம்பழுப்பு நிறமும் கொண்டது. அதற்கு ஆறு கால்கள் உண்டு. பறக்கும் சிறகுகள் இல்லை, துள்ளவும் தெரியாது, ஆனால் வெளிச்சம் பட்டவுடன் வேகமாக நடந்து மறைந்துவிடும். பசியோடிருக்கும் பூச்சி மேலிருந்து அழுத்தப்பட்டதுபோல் தட்டையாக இருக்கும். இரத்தம் குடித்த பின்னர் உடல் நீண்டு, உப்பி, கருஞ்சிவப்பாக மாறிவிடும். இதனால் ஒரே பூச்சியை இரண்டு வேளைகளில் பார்த்தவர்கள் வீட்டில் இரண்டு வகைப் பூச்சிகள் இருப்பதாக எண்ணிவிடுவதும் உண்டு.

மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சிகளில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. ஒன்று குளிர் நாடுகளில் பரவலாகக் காணப்படும் சைமெக்ஸ் லெக்டுலாரியஸ். மற்றது இலங்கை போன்ற வெப்பமண்டல நாடுகளுக்குரிய சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இவற்றைப் பிரித்தறிவது கடினம். இரண்டும் வாழும் முறையில் பெரிய வேறுபாடு இல்லையென்றாலும், ஒரு விடயத்தில் மட்டும் வேறுபாடு நமக்கு முக்கியமாகிறது. அது கட்டில் கால்களைப் பற்றிய கேள்வியில் விளக்கப்படுகிறது.

அதன் முட்டையையும் குஞ்சையும் கண்ணால் காண முடியுமா?

முடியும், ஆனால் தேட வேண்டும். முட்டை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் நீளமானது, வெண்மையானது, பலகை இடுக்கிலோ துணி மடிப்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கும், உதறினாலும் விழாது. புதிதாகப் பொரித்த குஞ்சு வைக்கோல் நிறத்தில், உள்ளே பார்க்கக்கூடிய அளவு வெளிறி இருப்பதால், வெள்ளை விரிப்பில் நடந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். அதே குஞ்சு இரத்தம் குடித்துவிட்டால் வயிறு சிவந்து தெளிவாகத் தெரியும்.

குஞ்சு வளர்ந்த பூச்சியாவதற்கு ஐந்து பருவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு தடவையாவது இரத்தம் குடித்த பின்னரே தோலுரிக்கும். எனவே உரிந்த தோல்கள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால், அந்த வீட்டில் பூச்சி தங்கி, உண்டு, பெருகியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெண் பூச்சி தன் வாழ்நாளில் 200க்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது.

பூச்சியே கண்ணில் படவில்லை. இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

பூச்சியைத் தேடுவதற்கு முன் அதன் எச்சத்தைத் தேடுங்கள். மூட்டைப்பூச்சி செரித்த இரத்தத்தையே கழிக்கிறது; ஆகவே அதன் எச்சம் பேனா முனையால் வைத்த கறுப்புப் புள்ளிகளாக, மெத்தையின் தையலோரத்திலும் கட்டில் பலகையிலும் படுக்கையை ஒட்டிய சுவரிலும் கூட்டங்கூட்டமாகத் தெரியும். துணியில் பட்டால் ஊறிச் சற்றே பரந்திருக்கும். ஈரத்துணியால் அந்தப் புள்ளியைத் துடைத்துப் பாருங்கள்: கரும்பழுப்பாகவோ துருநிறமாகவோ கரைந்து இழுபட்டால் அது பெரும்பாலும் மூட்டைப்பூச்சியின் எச்சமே. கரப்பானின் எச்சம் சிறு துணுக்காக உதிரும், இப்படி மை போல் கரையாது.

இதைத் தவிர, உறக்கத்தில் புரண்டு படுக்கும்போது நசுங்கிய பூச்சியால் விரிப்பில் ஏற்படும் இரத்தக் கறை, உரிந்த தோல், ஒட்டிய முட்டை என்பனவும் அடையாளங்களே. பூச்சி மிகுதியாக இருக்கும் அறையில் பச்சைக் கொத்தமல்லித் தழையைக் கசக்கியதுபோன்ற கனத்த வாடை வீசும். அது பூச்சி தொந்தரவுக்கு உள்ளாகும்போது வெளியிடும் வேதிப்பொருள்களின் வாடை. எனினும், அந்த வாடை வரும்வரை காத்திருந்தால் பூச்சி நன்றாகப் பெருகிவிட்டது என்றே பொருள்.

காம்பராவுக்குள் எங்கே, எப்படித் தேட வேண்டும்?

மூட்டைப்பூச்சி தான் உணவு பெறும் மனிதரின் படுக்கையைவிட்டு வெகுதூரம் போக விரும்புவதில்லை. ஆகவே தலைமாட்டிலிருந்து தொடங்கி, படுக்கையைச் சுற்றி இரண்டு மீற்றர் தூரத்தை முதலில் முடித்துவிட்டு, பின்னர் அதற்கு அப்பால் செல்லுங்கள். பகலில் அவை ஒளிந்திருப்பதால், நல்ல வெளிச்சமுள்ள டோர்ச் லைட், பழைய தொலைபேசி அட்டை அல்லது விசிட்டிங் கார்ட் ஒன்று, சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதுமானது. அட்டை நுழையும் இடுக்கு எதுவாயினும் அங்கே பூச்சியும் நுழையும்.

மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, விளிம்புத் தையலை விரலால் பிரித்துப் பிரித்துப் பாருங்கள். தும்பு மெத்தையாயின் துணி கிழிந்த இடங்களிலும், பொத்தான் வைத்துத் தைத்த குழிகளிலும் கூடுதல் கவனம் வேண்டும். அடுத்து, கட்டிலின் குறுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் வழவழப்பாகச் சீவப்பட்டிருக்கும், அடிப்புறம் சொரசொரப்பாக விடப்பட்டிருக்கும், அந்தச் சொரசொரப்பில்தான் முட்டைகள் ஒட்டியிருக்கும். கால் சட்டத்தோடு பொருந்தும் மூலையிலும் ஆணித் துளையிலும் அட்டையைச் செருகி மெல்ல இழுத்தால், உள்ளே பூச்சி இருக்குமாயின் அது வெளியே ஓடிவரும், அல்லது அட்டையின் நுனியில் கறுப்புக் கறை படியும். வெளியே வந்ததைக் கையால் நசுக்காமல் கிண்ணத்துக்குள் தள்ளிவிடுங்கள்.

பாயில் உறங்குபவர்கள் பாயின் ஓரக்கட்டையும் சுருட்டி வைக்கும் மூலையையும் பார்க்க வேண்டும். லயன் காம்பராக்களில் இடம் போதாததால், கட்டிலுக்கு அடியில் ட்ரங்குப் பெட்டி, பழைய துணி மூட்டை, பாடசாலைப் புத்தகங்கள் என எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் துணியும் காகிதமும் மரமும் பூச்சிக்கு விருப்பமானவை. சுவரில் ஒட்டிய நாட்காட்டி, சாமிப் படங்களின் பின்புறம், வெடித்த சாந்துப் பூச்சு, தகரக் கூரையைத் தாங்கும் மரச்சட்டம் என்பனவற்றையும் விட்டுவிடக் கூடாது. குளிருக்காகச் சுவரில் காகிதமோ பிளாஸ்டிக் விரிப்போ ஒட்டியிருந்தால் அதன் பின்புறம் நல்ல மறைவிடமாக அமைந்துவிடும்.

பகலில் எதுவும் கிடைக்காவிட்டால், எல்லோரும் உறங்கிய பின், விடிவதற்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் விரிப்பை விலக்கி டோர்ச் அடித்துப் பாருங்கள். உணவு தேடி அவை வெளிவரும் நேரம் அதுவே.

தடிப்பைப் பார்த்தே மூட்டைப்பூச்சி என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. அனுபவமுள்ள வைத்தியரும் தடிப்பை மட்டும் வைத்து அப்படி உறுதியாகச் சொல்வதில்லை. முகம், கழுத்து, கை, கால் எனப் போர்வைக்கு வெளியே தெரியும் பகுதிகளில், மூன்று நான்கு தடிப்புகள் வரிசையாகவோ கூட்டமாகவோ இருப்பது ஐயத்தை எழுப்ப வேண்டும். முடிவு சொல்வதற்குப் பூச்சியோ அதன் எச்சமோ தோலோ கிடைக்க வேண்டும்.

ஒரே படுக்கையில் உறங்கும் இருவரில் ஒருவருக்கு உடலெங்கும் தடிப்பும் மற்றவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பூச்சி இருவரையுமே கடித்திருக்கும். அதன் உமிழ்நீருக்கு ஒவ்வொருவர் தோலும் காட்டும் எதிர்வினைதான் வேறு. சிலருக்குத் தடிப்பு உடனே தோன்றும், சிலருக்குப் பல நாட்கள் கழித்து, இரண்டு வாரங்கள் வரைகூடத் தாமதித்துத் தோன்றும். ஆகவே நேற்றிரவு உறங்கிய இடத்தைத்தான் குற்றஞ்சாட்ட வேண்டும் என்பதில்லை. சொந்தக்காரர் வீட்டில் தங்கி வந்தவுடன் அவர்கள் வீட்டின்மேல் பழி போடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நுளம்பு, தெள்ளு, சிரங்கு ஆகியவற்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

நுளம்புக் கடி தனித்தனியாக இருக்கும். நுளம்பு வலைக்குள் உறங்கினால் நின்றுவிடும். தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் கணுக்காலையும் முழங்காலுக்குக் கீழேயும் கடிக்கும், பக்கவாட்டில் தட்டையானது, பிடிக்கப் போனால் துள்ளிவிடும். வீட்டில் நாயோ பூனையோ ஆடோ இருந்தால் முதலில் இதை நினைக்க வேண்டும்.

சிரங்கு வேறுவகையானது, இதில் கவனம் மிக அவசியம். சிரங்கை உண்டாக்கும் உண்ணி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அது தோலுக்குள் துளைத்து வாழ்கிறது. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, மறைவிடங்கள் ஆகியவற்றில் அரிப்பு மிகுந்திருக்கும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காணப்படும். இரவில் அரிப்பு கூடுவதால் பலர் இதை மூட்டைப்பூச்சி என்றே எண்ணி, வாரக்கணக்கில் கட்டிலுக்கு மருந்தடித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரங்குக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே வேளையில் பூச்சு மருந்து பூச வேண்டும். கட்டிலுக்கு என்ன செய்தாலும் அது தீராது. நெருக்கமாக வாழும் லயன்களில் சிரங்கு விரைவாகப் பரவும் என்பதால், விரலிடுக்கில் அரிப்பு இருந்தால் தாமதிக்காமல் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள்.

நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசத்தில் மூட்டைப்பூச்சி வாழாது என்கிறார்களே?

இது பரவலான நம்பிக்கை, ஆனால் தவறானது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். மூட்டைப்பூச்சியின் வளர்ச்சி 13 முதல் 15 பாகைக்குக் கீழேதான் ஏறத்தாழ நின்றுபோகிறது. மேலும், பூச்சி வாழ்வது வெளியிலுள்ள மூடுபனியில் அல்ல. அடுப்பெரியும், ஜன்னல் மூடிய, ஐந்தாறு பேர் உறங்கும் காம்பராவுக்குள், கம்பளிக்கு அருகில். அங்கே வெப்பம் அதற்குப் போதுமானது.

குளிர் உண்மையில் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, வளர்ச்சியை மெதுவாக்குகிறது. 27 பாகை அளவிலான வெப்பத்தில் ஒரு வாரமளவில் பொரிக்கும் முட்டை, 18 பாகை அளவில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் எடுத்துக்கொள்ளும். இரண்டு, பட்டினி கிடக்கும் ஆற்றலை நீட்டிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் 10 பாகைக் குளிரில் வைக்கப்பட்ட லெக்டுலாரியஸ் இனப் பூச்சிகள் ஒரு வருடத்துக்கும் மேலாக உணவின்றி உயிரோடு இருந்திருக்கின்றன. இதன் பொருளை நம் வீடுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பதுளையிலோ கண்டியிலோ உள்ள வீட்டைவிட, நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்து வீட்டில் பூச்சி மெதுவாகப் பெருகும். ஆனால் ஆளில்லாமல் பூட்டிப்போட்ட காம்பராவில் நீண்ட காலம் காத்திருக்கும். மூன்று மாதம் பூட்டி வைத்தால் தானாகச் செத்துவிடும் என்று நம்பி மறுபடி குடிபுகுவது மலைநாட்டில் பலன் தராத வழி.

வீட்டுக்குள் அது எப்படி வந்து சேருகிறது?

பெரும்பாலும் பைகளோடும் தளபாடங்களோடும் வருகிறது. மலையகத்தின் பல வீடுகளிலிருந்து இளைஞர்கள் கொழும்பிலும் மற்ற நகரங்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்து, நெருக்கடியான அறைகளில் தங்கி, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பை நேராகக் கட்டில்மேல் வைக்கப்படுவதுதான் பூச்சிக்கு எளிதான வழி. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நீளும் சிவனொளிபாத மலைப் பருவத்தில் வழிநெடுகத் தங்குமிடங்களில் படுத்தெழுந்து வருபவர்களும், ஏப்ரல் மாதத்து நுவரெலியாக் கூட்டத்துக்கு அறைகளை வாடகைக்கு விடுபவர்களும், எல்லப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டில் அறை கொடுப்பவர்களும் இதில் அவதானமாக இருக்க வேண்டும்.

ஊர் திரும்பியவரின் பையை இஸ்தோப்பிலேயே திறந்து, துணிகளை நேராகக் கொதிநீருக்குப் போட்டு, பையின் தையல்களைப் பார்த்த பின்னர் உள்ளே எடுப்பது நல்லது. அதை வரவேற்பில் குறைவு என்று யாரும் எண்ணாதபடி வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டில், மெத்தை, சோபா வாங்கும்போது மேலே சொன்னபடி அட்டையைச் செருகிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். கோழிக் கூண்டு வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள். மூட்டைப்பூச்சி கோழியின் இரத்தத்தையும் குடித்து வாழக்கூடியது.

அழுக்கான வீட்டில்தான் மூட்டைப்பூச்சி வருமா?

இல்லை. அதற்கு வேண்டியது இரத்தமும் இடுக்கும்தான், அழுக்கு அன்று. நட்சத்திர விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் அது காணப்படுகிறது. பொருள்கள் குவிந்த வீட்டில் அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பது உண்மை, ஆனால் அதைக் குவித்தது சுத்தமின்மை அன்று, பத்தடி பன்னிரண்டடி அறைக்குள் ஒரு குடும்பத்தின் முழு உடைமையையும் அடக்க வேண்டியிருக்கும் நிலை. வெட்கத்தால் மறைக்கப்படும் மூட்டைப்பூச்சிதான் லயன் முழுவதும் பரவுகிறது. பிள்ளையைப் பாடசாலையில் கேலி செய்வார்களோ என்ற அச்சத்தில் தாய்மார் வாய் திறக்காமலிருப்பது மிகவும் வருந்தத்தக்கது.

பக்கத்துக் காம்பராவில் இருந்தால் எங்கள் வீட்டுக்கும் வருமா?

வரும். வெடித்த இடைச்சுவர், மின்கம்பி செல்லும் துளை, கதவுநிலை ஓரம் எதுவாயினும் அதற்குப் பாதையே. இடைச்சுவர் கூரைவரை எட்டாத பழைய லயன்களில் தடையே இல்லை எனலாம். ஒரு வீட்டில் மட்டும் மருந்தோ புகையோ போட்டால், சாகாமல் தப்பியவை அடுத்த வீட்டுக்கு ஒதுங்கி, சில வாரங்களில் திரும்பி வரும்.

ஆகவே லயன் வீடுகளில் ஒருவரால் மட்டும் இதைத் தீர்க்க முடியாது. இருபுறத்து வீட்டாரோடும், முதுகுக்கு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயனாயின் பின்புற வீட்டாரோடும் பேசி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லோரும் கட்டிலைப் பிரித்துக் கழுவுவதே பலன் தரும். சுவரின் வெடிப்பைச் சாந்து பூசி அடைப்பதைத் தோட்ட நிருவாகத்திடம் கூட்டாகக் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, ஒரு வீட்டின் முறைப்பாடாகச் சொல்லாமல் லயனின் முறைப்பாடாகச் சொன்னால் கவனம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அது நோயைப் பரப்புமா?

மூட்டைப்பூச்சி மனிதருக்கு மனிதர் நோயைக் கடத்துவதாக நிரூபிக்கப்படவில்லை. ஈரல் அழற்சியோ எச்.ஐ.வி. தொற்றோ அதனால் பரவுமென்று அஞ்ச வேண்டாம். ஆனால் தீங்கு இல்லையென்றும் சொல்ல முடியாது. சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் பிடிக்கலாம். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படலாம். பூச்சி மிகவும் பெருகிய வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை ஏற்பட்டதாக மருத்துவ அறிக்கைகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக உறக்கம் கெடுகிறது. காலையில் மலையேறிக் கொழுந்து பறிக்க வேண்டிய ஒருவருக்கு அது சிறிய இழப்பன்று.

வெயிலில் போட்டால் சாகுமா? கொதிநீர் ஊற்றலாமா?

வெப்பம்தான் நம் கையிலுள்ள சிறந்த ஆயுதம், ஆனால் அளவு தெரிந்து பயன்படுத்த வேண்டும். வளர்ந்த பூச்சி 48 பாகையளவில் விரைவில் சாகும்; முட்டைக்கு 55 பாகை வேண்டும். மலைநாட்டு வெயிலில் மெத்தையின் மேற்பரப்பு சுடலாம், உள்ளே அவ்வளவு வெப்பம் ஏறாது. பூச்சியும் நிழற்புறத்துக்கு நகர்ந்துவிடும். மூடுபனி இறங்கும் நாட்களில் இதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. வெயிலில் போடுவதன் பயன், வெளிவரும் பூச்சிகளைத் திருப்பித் திருப்பிப் பொறுக்க முடிவதே.

விரிப்பு, தலையணை உறை, உடைகள் ஆகியவற்றை 60 பாகைக்கு மேற்பட்ட நீரில், அதாவது அடுப்பில் நன்கு சுட்ட நீரில், அரை மணி நேரமாவது ஊறவிட்டுத் துவைக்கலாம். கட்டில் பலகைகளை வெளியே எடுத்து, இடுக்குகளில் கொதிநீரை மெதுவாக ஊற்றினால் முட்டையும் அழியும். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். கம்பளி சுடுநீரில் சுருங்கும் என்பதால், அதன் மடிப்புகளிலும் ஓரங்களிலும் ஈரத்துணி போட்டுச் சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை மெல்ல நகர்த்துவது பொருத்தம். துவைத்த துணியைப் பழைய இடத்தில் வைக்காமல் இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையில் வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதோ தீப்பந்தம் காட்டுவதோ ஒருபோதும் வேண்டாம். ஒரு காம்பராவில் பற்றிய தீ லயன் முழுவதையும் எரித்துவிடும்.

கட்டில் கால்களுக்குக் கீழே தண்ணீர்ப் பேணி வைத்தால் போதுமா?

உதவும், ஆனால் நிபந்தனைகளோடு. மேலை நாட்டுக் குறிப்புகளில் வழவழப்பான கிண்ணத்தை வைத்தாலே பூச்சி ஏற முடியாது என்று எழுதியிருக்கும். அது லெக்டுலாரியஸ் இனத்துக்குப் பொருந்தும். நம் நாட்டுக்குரிய ஹெமிப்டெரஸ் வழவழப்பான பரப்பிலும் ஏறும் ஆற்றல் கொண்டதென ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே வெறும் கிண்ணத்தை நம்பாமல், சோப்புக் கரைத்த நீரை ஊற்றி வையுங்கள். கட்டில் சுவரைத் தொடக் கூடாது, போர்வையும் நுளம்பு வலையும் தரையில் படக் கூடாது. கட்டிலுக்குள்ளேயே பூச்சி இருக்கும்போது பேணி வைப்பதால் பயனில்லை. கழுவிச் சுத்தம் செய்த பின்னர் வைக்க வேண்டும். பேணிகளில் நுளம்பு முட்டையிடாதபடி நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதில் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் பூச்சி இன்னும் இருக்கிறதா என்பதும் தெரியும்.

மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிக்கலாமா?

எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. உருளைக்கிழங்கும் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் நம் பிரதேசங்களில் இந்த மருந்துகள் வீட்டு மூலையிலேயே இருப்பதால், கை எளிதில் அதை நோக்கிப் போகிறது. திறந்த வெளியில் பயிருக்கு அடிப்பதற்கென்று அளவிடப்பட்ட மருந்து, காற்றோட்டமில்லாத அறையில், மெத்தையில் ஊறி, எட்டு மணி நேரம் அதன்மேல் முகம் புதைத்து உறங்கும் குழந்தையின் உடலுக்குள் செல்கிறது. தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு என்று அது வெளிப்படலாம். தானியக் களஞ்சியங்களுக்கு வைக்கும் பொஸ்பைன் வாயு வெளியிடும் மாத்திரைகள் இன்னும் ஆபத்தானவை; மூட்டைப்பூச்சிக்கென்று அதை வைத்ததால் அடுத்த அறையில் உறங்கியவர்கள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் லயனில் அதை வைப்பது அயலாரின் உயிரோடு விளையாடுவதாகும்.

இலங்கையில் பீடைகொல்லிகள் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டுப் பாவனைக்கென்று பதிவு செய்யப்பட்டு, தமிழில் அறிவுறுத்தல் அச்சிடப்பட்ட போத்தலைத் தவிர வேறெதையும் படுக்கையறைக்குள் கொண்டுவர வேண்டாம். சோடாப் போத்தலில் ஊற்றி விற்கப்படும் மருந்தை வாங்கவே வேண்டாம். யாருக்காவது நஞ்சேறியதாகத் தோன்றினால் அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, மருந்துப் போத்தலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கடையில் வாங்கிய ஸ்பிரே அடித்தும் சாகவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லிக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் 1947இலேயே ஹவாய்த் தீவுகளில் கண்டறியப்பட்டன. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையின் ஹெமிப்டெரஸ் பூச்சிகளிலும் டி.டி.டி., மலத்தியன் முதலியவற்றுக்கு எதிர்ப்பு இருப்பதைக் காட்டியது. இன்று வீட்டு ஸ்பிரேக்களில் மிகுதியாக உள்ள பைரித்ரொயிட் வகை மருந்துகளுக்கும் உலகின் பல பகுதிகளில் எதிர்ப்பு வளர்ந்துள்ளது. சாகவில்லையென்று அளவைக் கூட்டுவதால் பூச்சி சாகாது, நஞ்சுதான் கூடும்.

இரண்டாவது, பல மருந்துகள் முட்டையை அழிப்பதில்லை. அடித்த பின் பொரிக்கும் குஞ்சுகளுக்காக மறுபடியும் கவனிக்க வேண்டும். வெப்பமான ஊர்களில் இரண்டு வாரம் என்று சொல்லப்படும் இடைவெளியை, குளிரில் முட்டை தாமதித்துப் பொரிப்பதால், நம் உயரமான ஊர்களில் மூன்றாவது வாரத்திலும் ஒருமுறை சேர்த்துப் பார்ப்பது பொருத்தம்.

வேப்பிலை, கற்பூரம், அந்துருண்டை பலன் தருமா?

நம்பத்தக்க பலன் இல்லை. அந்துருண்டையின் வாயு குழந்தைகளுக்குத் தீங்கானது என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. நுளம்புச் சுருளின் புகை பூச்சியைக் கொல்வதில்லை.

நம் தோட்டங்களில் வளரும் போஞ்சியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பால்கன் நாடுகளில் இரவில் போஞ்சி இலைகளைத் தரையில் பரப்பி, காலையில் பூச்சிகளோடு சேர்த்து எரிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. இலையிலுள்ள நுண்ணிய கொக்கி மயிர்கள் பூச்சியின் காலைத் துளைத்துப் பிடிப்பதை 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்நோக்கியில் உறுதி செய்தார்கள். நடந்து வெளிவரும் சிலவற்றை அது பிடிக்கும். இடுக்கிலுள்ள முட்டைகளை ஒன்றும் செய்யாது. நஞ்சில்லாத துணைவழி என்ற அளவில் முயன்று பார்க்கலாம்.

மெத்தையையும் கட்டிலையும் எறிந்துவிட வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. பலகைக் கட்டிலைப் பிரித்துக் கொதிநீர் ஊற்றி, இடுக்குகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடலாம். மெத்தையை முழுவதுமாக மூடும் தடித்த உறைக்குள் போட்டுத் தைத்துவிட்டால் உள்ளிருப்பவை வெளிவர முடியாது; நம் குளிரில் அந்த உறையை ஒரு வருடத்துக்கு மேல் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். பஞ்சு வெளியே தள்ளும் அளவு கிழிந்த மெத்தையை மட்டும் விட்டுவிடுங்கள். அதையும் லயன் முனையில் போடாதீர்கள். இன்னொரு குடும்பம் எடுத்துச் செல்லும். துணியைக் கிழித்துப் பயன்படாதபடி செய்து, வீடுகளிலிருந்து தள்ளி எரிப்பதே அயலாருக்குச் செய்யும் உதவி.

முற்றாகப் போய்விட்டது என்று எப்போது சொல்லலாம்?

கடி நின்றதும் சொல்லிவிட வேண்டாம். சுவரிலும் பலகையிலும் உள்ள பழைய கறுப்புப் புள்ளிகளைக் கழுவித் துடைத்துவிட்டு, வாரம் ஒருமுறை அதே இடங்களைப் பாருங்கள்; புதிய புள்ளி தோன்றினால் பூச்சி இருக்கிறது. பேணி நீரில் எதுவும் விழாமல், புதிய புள்ளியோ தோலோ காணாமல் இரண்டு மாதங்கள் கடந்தால் ஓரளவு நம்பலாம். நுவரெலியா உயரத்தில் மூன்று மாதங்கள் பொறுத்திருப்பது நல்லது. அந்தக் காலத்துக்குள் பக்கத்து வீட்டார் எவருக்காவது கடி தொடங்கினால், உங்கள் கட்டிலையும் அன்றே திருப்பிப் பாருங்கள்.